மாரியோ எங்க ஊருக்கு எப்படி வந்தார்?



"நீ முதல்ல விளையாடுன வீடியோ கேம் எது?" காலேஜில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். மாரியோ, காண்ட்ரா, டேங்க், வாத்து சுடுற கேம்... அடுத்து, "சரி, அது எந்தக் கம்பெனி பெட்டி?" என்று கேளுங்கள். ஆள் முழிப்பார். "அது... சாம்பல் கலர்ல இருக்கும்ப்பா. ரெண்டு ரிமோட்டு, மஞ்சக் கலர் கேசட்டு..." அவ்வளவுதான். கேமின் பெயர் ஞாபகம் இருக்கிறது, பெட்டியின் பெயர் இல்லை.

எனக்கும் அதே கதைதான். பி.காம். படிக்கிறவன் என்பதால் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. ஜப்பானில் பிறந்த பொருள், ஜப்பான் கம்பெனி இங்கே கடை போடவே இல்லை, பிறகு ஜலகண்டாபுரம் வரைக்கும் எந்த வழியாக வந்தது? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சீட்டுக்கட்டு கம்பெனி

நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத்தான் ஆரம்பிக்கப்பட்டது. பிறகு பொம்மை, அப்புறம் மின்னணு விளையாட்டு. 1983 ஜூலை 15-ல் 'ஃபாமிகாம்' என்ற பெட்டியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டார்கள். விலை 14,800 யென். வடிவமைத்த இன்ஜினியர் மசாயுகி உஎமுரா, 2021-ல் காலமானார். நாமெல்லாம் ராத்திரி பகலாகக் குத்திக் கிழித்த பெட்டியின் அப்பா இவர்தான். எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

உள்ளே இருந்தது ரிகோ கம்பெனி செய்த சிப். அதன் மூளை 1975-ல் அமெரிக்காவில் வந்த 6502 என்ற மலிவான சிப்பை அடிப்படையாகக் கொண்டது. வேலை செய்ய இருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு 'குட் மார்னிங்' படமே அதைப் போல ஐம்பது மடங்கு இருக்கும். ஆனாலும் ஜப்பானிலும் மற்ற நாடுகளிலும் சேர்த்து 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. நம் வீட்டுப் பெட்டி அந்தக் கணக்கில் இல்லை. அதுதான் விஷயமே.

பூட்டு போடாத கதவு

1985-ல் இதே பெட்டியை வேறு உருவத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, நிண்டெண்டோ அதற்குள் ஒரு பூட்டு சிப்பை வைத்தது. கேசட்டிலும் அதற்கு ஜோடியான சிப் இருந்தால்தான் கேம் ஓடும். ஜப்பான் ஃபாமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. கேசட்டின் கால்களும் வேறு: அமெரிக்கப் பெட்டிக்கு 72, ஜப்பான் பெட்டிக்கு 60.

நகல் எடுப்பவர்கள் எதைப் பிடிப்பார்கள்? பூட்டு இல்லாத 60 கால் பெட்டியைத்தான். தைவானின் யூ.எம்.சி. என்ற சிப் கம்பெனி ஃபாமிகாமின் இரண்டு முக்கியமான சிப்களுக்கும் ஒத்துப்போகிற சிப்களைச் செய்தது. சிப் கிடைத்துவிட்டால் பெட்டி யார் வேண்டுமானாலும் செய்யலாமே! தைவான், ஹாங்காங், சீனா என்று ஊருக்கு ஊர் ஆரம்பித்துவிட்டார்கள்.

படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ஜப்பான் டிவி வேறு முறை, வினாடிக்கு 60 தடவை படம் மாறும். நம் நாட்டு டிவி 'பால்' முறை, 50 தடவைதான். நிண்டெண்டோவே ஐரோப்பாவுக்கு பால் பெட்டி செய்தபோது பல கேம்கள் அங்கே மெதுவாகத்தான் ஓடின. தைவான்காரர்களோ, ஜப்பான் கேம்கள் பால் டிவியிலும் தடுமாறாமல் ஓடுகிற மாதிரி சிப்பின் நேரக் கணக்கையே மாற்றி அமைத்தார்கள். ஈயடிச்சான் காப்பி இல்லை பாருங்கள்! ஜப்பான் கம்பெனி எட்டிப் பார்க்காத நாடுகளின் டிவிக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்திருக்கிறார்.

ரஷ்யாவில் ஒரு யானை

இதே நகல் பெட்டி 1992 டிசம்பரில் ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் வந்தது. ஸ்டீப்ளர் என்ற கம்பெனி விற்றது. சின்னமாக ஒரு யானைக்குட்டி, விளம்பரம், டிவி நிகழ்ச்சி எல்லாம் இருந்தன. 1994-ல் நிண்டெண்டோவே அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு அடுத்த தலைமுறைப் பெட்டியை விற்கச் சொன்னது. இன்றைக்கும் ரஷ்யர்கள் தங்கள் சின்ன வயதைப் பற்றி எழுதினால் 'டெண்டி' என்று பெயர் சொல்லித்தான் எழுதுவார்கள். போலந்தில் 'பெகாசஸ்'. நகல்தான், ஆனால் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் வரலாறும் இருக்கிறது.

நம்ம பக்கம்

இந்தியாவிலும் சில பெயர்கள் உண்டு. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெட்டிகளைப் பெரிய நகரத்துப் பிள்ளைகள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சின்ன ஊர்களுக்கு வந்தவை அதற்குப் பிறகு, பெரும்பாலும் பெயரில்லாமல், அல்லது பிளேஸ்டேஷன் மாதிரி வடிவத்தில் யாருடைய பெயரையோ ஒட்டிக்கொண்டு.

இதற்கு ஒரு வணிகக் காரணம் இருக்கிறது. 1991-ல் தாராளமயம் வந்தாலும், வெளிநாட்டு நுகர்பொருட்கள் பலவற்றுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு தொடர்ந்தது. உலக வர்த்தக அமைப்பில் வழக்கு தோற்ற பிறகு, கடைசியாக மிச்சமிருந்த 715 பொருட்களின் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-ல்தான் நீங்கியது. அதுவரை வெளிநாட்டுச் சாமான் வேண்டும் என்றால் சிங்கப்பூரிலிருந்து வருகிற மாமா, இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். 2001-க்குப் பிறகு சீனப் பொம்மையும் டார்ச் லைட்டும் திருவிழாக் கடை வரைக்கும் வந்தன. அதே மூட்டையில் டிவி கேமும் வந்தது.

அடுத்தது டிவி. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை ஆரம்பித்தது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 இஞ்ச் டிவி வீடுகளுக்குப் போனது. அதைப் பற்றி ஆயிரம் அரசியல் பேசலாம். எனக்குத் தெரிந்தது இதுதான்: சீரியல் பார்க்க வீட்டில் ஒரு டிவி இருந்தால் பிள்ளைகள் கையில் கேம் சிக்காது. இரண்டாவதாக ஒன்று வந்தால்தான் சிக்கும்!

எங்க வீட்டில்

எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது 2010 வாக்கில். நான் ஒண்ணாவதோ ரெண்டாவதோ. சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன சித்தப்பா ஒரு பையில் கொண்டுவந்தார். மஞ்சள் ஒயரையும் வெள்ளை ஒயரையும் மாற்றி மாற்றிச் செருகி, நீலத் திரையில் திடீரென்று அந்த இசையோடு பட்டியல் வந்ததும் வீடே கத்தியது. 9999999 கேம் என்று போட்டிருந்தது. தொண்ணூற்று ஒன்பது லட்சம்! நாலு நாளில் உண்மை தெரிந்துவிட்டது. இருந்தது பத்துப் பதினைந்து கேம்தான், அதையே பெயர் மாற்றி, ஸ்டேஜ் மாற்றி அடுக்கியிருந்தார்கள். நாங்கள் 'டேங்க்' என்று விளையாடியது நாம்கோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'யின் வழிவந்தது என்பதெல்லாம் போன வருஷம்தான் எனக்குத் தெரியும்.

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதிப் போடுவோம், ஓடும். ஊதியதால் ஓடவில்லையாம். கழற்றி மாட்டும்போது கால்கள் சரியாக உட்கார்ந்ததால்தான். எச்சில் ஈரம் பட்டுக் கால்கள் கெட்டதுதான் மிச்சம். "பிக்சர் டியூப் போயிடும்டா" என்று அப்பா திட்டியது மட்டும் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் தறிச் சத்தம். அந்த வருஷங்களில்தான் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. பக்கத்து வீட்டுத் தறி சடாரென்று நிற்கும், அதே நொடியில் மாரியோவும் போய்ச் சேருவார். அந்த 2 கிலோபைட் நினைவகம் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பெரியவர்களுக்குக் கூலி போச்சு, எங்களுக்கு எட்டாவது உலகம் போச்சு. அவர்கள் நஷ்டம்தான் நிஜ நஷ்டம் என்று அப்போது புரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூப்பர் மாரியோ முழுக் கேமும் 40 கிலோபைட்தான். இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து, கலரை மட்டும் மாற்றினார்கள். ஸ்டேஜ்களைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில்தான் வரைந்தார்கள். எங்கள் பக்கம் சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவர்களும் அதே கிராஃப் தாளில்தான் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். ஒரே பூ, கலர் மட்டும் வேறு. இதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். மாரியோவை எங்கள் ஊர் டிசைனர்களிடம் கொடுத்திருந்தாலும் முடித்திருப்பார்கள் :-)

கணக்கு எழுதினால்...

எங்கள் பாடத்தில் 'பொருளின் வாழ்க்கைச் சுழற்சி' என்று ஒன்று வரும். அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, வீழ்ச்சி. நிண்டெண்டோ ஃபாமிகாம் உற்பத்தியை 2003-ல் நிறுத்திவிட்டது. புத்தகப்படி அங்கே கதை முடிந்தது. எங்கள் வீட்டிலோ கதை ஆரம்பித்ததே அதற்கு ஏழு வருஷம் கழித்துத்தான்! நாம் இன்றைக்கு 'ரெட்ரோ' என்கிறோம், 2010-ல் எங்களுக்கு அதுதான் புத்தம் புது சாமான்.

இன்னொரு பாடம் இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு. நமக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பற்று எழுதினால், வரவை யார் பெயரில் எழுதுவது? உஎமுராவுக்கும் மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவுக்கும் நம் காசில் ஒரு பைசாகூடப் போகவில்லை. நகல் தப்புதான், பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் அந்த நகல் இல்லாவிட்டால், எங்கள் தெருவில் ஒரு பையனும் மாரியோவைப் பார்த்திருக்கவே மாட்டான் என்பதும் நிஜம். அசல் விலையை எங்களால் கொடுத்திருக்க முடியாது. கொடுக்க முடிந்திருந்தாலும் விற்க ஆள் இல்லை.

பில் இல்லாமல் வாங்கியதற்கு வாரண்டி மட்டுமில்லை, வரலாறும் இல்லாமல் போய்விட்டது. பெட்டியைச் செய்தவர், கப்பலில் ஏற்றியவர், பஸ் ஸ்டாண்டில் விரித்து விற்றவர், ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. வீடியோ கேம் வரலாறு என்று புத்தகம் போடுகிறவர்கள் ஜப்பான், அமெரிக்கா என்று எழுதுவார்கள், ரஷ்யா வரைக்கும் வருவார்கள். ஜலகண்டாபுரம் வரைக்கும் வர மாட்டார்கள். அதை நாம்தான் எழுத வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போகிக்கு வீடு ஒழிக்கும்போது பரணில் அந்தச் சாம்பல் பெட்டி கிடைத்தால், காயலான் கடைக்குப் போடும் முன்னால் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வருஷம், எங்கே, எவ்வளவுக்கு வாங்கியது என்று வீட்டில் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பெட்டியின் அடியில் கம்பெனி பெயர் இல்லை. 'மேட் இன் சைனா' மட்டும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு விலை ஞாபகம் இருக்கிறது: 350 ரூபாய், பேரம் பேசி.