புகைபோக்கி துலக்கும் கருவியும் தாமிரபரணிக் கரை அடுக்களைகளும்

புகைபோக்கி துலக்கும் கருவி என்பது அடுப்பின் புகை வெளியேறும் குழாயின் உட்சுவரில் படியும் கரியையும் தாரையும் சுரண்டி எடுக்கப் பயன்படும் நீண்ட கம்புடைய தூரிகை ஆகும். குளிர்நாடுகளில் இது வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட கருவி. தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகையில்லா அடுப்பு அறிமுகமான பிறகே இதன் தேவை எழுந்தது. புகைபோக்கி ஊருக்கு வந்தபோது அதைத் துலக்கும் பழக்கமும் கருவியும் அதனுடன் சேர்ந்து வரவில்லை. நல்ல நோக்கத்துடன் கொண்டுவரப்பட்ட ஓர் அடுப்பு பல வீடுகளில் கைவிடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புகைபோக்கி ஏன் தீப்பற்றுகிறது?

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்சும். காற்று போதாமலோ விறகு ஈரமாகவோ இருந்தால் எரியாத தார் ஆவிகள் புகையோடு மேலே செல்லும். குழாயின் மேற்பகுதி குளிர்ந்திருப்பதால் அந்த ஆவிகள் அங்கே படிந்து உறையும். இந்தப் படிவுக்குக் கிரியோசோட்டு என்று பெயர். முதலில் இது கையால் தட்டினாலே உதிரும் பொடியாக இருக்கும். பிறகு பளபளப்பான செதில்களாகும். அப்படியே விட்டுவிட்டால் இறுகிக் கண்ணாடி போன்ற பூச்சாக மாறும். கடைசி நிலையை அடைந்துவிட்டால் சாதாரணத் தூரிகையால் அதை நீக்க முடியாது.

கிரியோசோட்டு எளிதில் எரியக்கூடியது. அடுப்பில் தழல் ஓங்கும்போது பறக்கும் ஒரு பொறி போதும், குழாயே தீப்பந்தமாகிவிடும். அப்போது உள்ளே 1,000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் உண்டாகலாம். செங்கல் புகைபோக்கியானால் வெடிப்பு விழும். கூரை ஓலையாக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. படிவு சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பை எட்டுவதற்குள் துலக்கிவிட வேண்டும் என்பது மேலைநாட்டுப் புகைபோக்கிப் பணியாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாயைச் சோதிக்க வேண்டும் என்பதும் அவர்களின் விதி.

சிறுவர்களுக்குப் பதிலாகத் தூரிகை

இக்கருவி பிறந்த வரலாறு துயரமானது. 1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஏற்பட்ட பெருந்தீக்குப் பின் வீடுகள் செங்கல்லால் கட்டப்பட்டன. நிலக்கரிப் பயன்பாடு பெருகியதால் புகைபோக்கிகள் குறுகலாகவும் வளைவுகளோடும் அமைந்தன. பெரியவர் நுழைய முடியாத அந்தத் துளைகளில் ஏழைச் சிறுவர்களை ஏற்றிக் கரியைச் சுரண்டவைத்தனர். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து புண்ணாக, மூச்சுத் திணறிப் பலர் இறந்தனர். புகைபோக்கி துலக்குவோருக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலோடு தொடர்புடைய புற்றுநோயாக முதலில் அடையாளம் காணப்பட்டது இதுவே.

1803ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கு மாற்றாகக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தும் சங்கம் ஒன்று இலண்டனில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் உட்குழிவான கழிகளை ஒரு கயிற்றால் கோத்து, நுனியில் தூரிகை பொருத்திய கருவியை உருவாக்கினார். அதற்கு 'ஸ்காண்டிஸ்கோப்' என்று பெயர். 1828ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஜோசப் கிளாஸ் அதைவிட நெகிழ்வான கருவி ஒன்றைச் செய்தார். இன்று பயன்படும் கம்புத் தூரிகைக்கு அதுவே முன்னோடி.

கருவி வந்த பின்னும் கொடுமை உடனே நிற்கவில்லை. வளைந்த புகைபோக்கியில் தூரிகை போகாது, விரிப்புகள் கரியாகிவிடும் என்று வீட்டுக்காரர்கள் தயங்கினர். 1788, 1834, 1840, 1864 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களும் சரிவரச் செயல்படவில்லை. 1875ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள மருத்துவமனை ஒன்றின் புகைபோக்கியில் சிக்கிய ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் உயிரிழந்தான். அதே ஆண்டு புகைபோக்கி துலக்குவோர் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதன் பிறகே சிறுவர்களை ஏற்றும் வழக்கம் ஒழிந்தது. ஆக, கருவி தோன்றியதற்கும் அது முழுமையாக ஏற்கப்பட்டதற்கும் இடையே 72 ஆண்டுகள் கழிந்தன.

தாமிரபரணிக் கரையின் பழைய அடுக்களை

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. இக்கரையின் பழைய வீடுகளில் தனிப் புகைபோக்கி அரிது. நாட்டு ஓட்டின் இடைவெளியும் சுவருக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள திறப்புமே புகைக்கு வழி. வசதியான வீடுகளில் அடுப்புக்கு மேலே கூரையைச் சற்று உயர்த்திப் புகைக்கூண்டு அமைத்தனர்.

அடுப்புக்கு வந்த எரிபொருளும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஆற்றுப் பாசனப் பகுதியில் தென்னை மட்டையும் உமியும் கிடைத்தன. மேட்டு நிலத்தில் உடைமுள்ளும் சீமைக்கருவேல விறகும் எரிந்தன. கிழக்கே திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் பனை மட்டையும் காய்ந்த ஓலையும் முதன்மை எரிபொருள். அங்கே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் விடிலி என்னும் ஓலைக்குடிலில், பருவகாலத்தில் நாள்தோறும் மணிக்கணக்கில் அடுப்பு எரியும்.

புகையால் பயனும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அடுப்புக்கு மேலே பரணிலும் உறியிலும் வைத்த விதைகளைப் புகை பூச்சியிலிருந்து காத்தது. கூரை ஓலையையும் மூங்கிலையும் செல்லரிக்காமல் வைத்தது. இந்தப் பயன்களுக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். கண்ணெரிச்சல், இருமல், இழுப்பு ஆகியவை அடுப்பூதுவோரின் வாழ்க்கையோடு ஒட்டியவையாகவே கருதப்பட்டன. அவற்றை நோய் என்று எண்ணி மருத்துவரிடம் சென்றவர் குறைவு.

புகையில்லா அடுப்பின் வருகை

1934ஆம் ஆண்டில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சங்கத்தின் இடமான மகன்வாடியின் பெயரால் 'மகன் சூலா' என்ற புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு அங்கே உருவானது. குமரப்பா தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார்.

ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த முனைவர் எஸ். பி. ராஜு மற்றொரு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கும் அவருடைய நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையில் அச்சானது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊர்களுக்குச் சென்ற கிராம சேவிகைகள் இத்தகைய அடுப்புகளைப் போடக் கற்றுக்கொடுத்தனர்.

1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மூன்று பாத்திரம் வைக்கும் 'அஸ்த்ரா' அடுப்பை உருவாக்கியது. 1983ஆம் ஆண்டில் நடுவண் அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டுடன் நடுவண் அரசு அத்திட்டத்திலிருந்து விலகியது. அதற்குள் நாடெங்கும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது.

இந்த அடுப்புகளின் அமைப்பு எளிது. முன்வாயில் விறகு வைக்கப்படும். சூடான காற்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திரக் குழிகளைக் கடந்து பின்புறக் குழாயில் ஏறும். குழாய் உயரமாகவும் சூடாகவும் இருக்கும் அளவுக்கு இழுவை கூடும். மழையும் எதிர்க்காற்றும் புகாதபடி குழாயின் தலையில் ஒரு தொப்பி வைக்கப்படும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் காற்று பலமாக வீசும் இப்பகுதியில் அந்தத் தொப்பி மிகவும் தேவை. இல்லையெனில் காற்று புகையை மீண்டும் அடுக்களைக்குள் தள்ளிவிடும்.

அடைபட்ட குழாய்

வீட்டடுப்பின் குழாய் மூன்று நான்கு அங்குல விட்டமே உடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த விறகை எரித்தால் தார் விரைவில் படியும். குழாயின் துளை சுருங்கச் சுருங்க இழுவை குறையும். இழுவை குறைந்தால் விறகு சரியாக எரியாமல் இன்னும் அதிகப் புகை உண்டாகும். அந்தப் புகை இன்னும் அதிகத் தாரைப் படியவைக்கும். இந்தச் சுழலை நிறுத்தக் கூடியது தூரிகை ஒன்றுதான்.

ஆனால் யார் துலக்குவது என்பது தீராத கேள்வியாக இருந்தது. சமையல் செய்பவர் பெண். கூரைமேல் ஏறுவது ஆணின் வேலை என்று கருதப்பட்டது. அடுப்பால் வரும் தொல்லை ஏறக்கூடியவரைத் தொடவில்லை. துலக்கும் தொழிலைச் செய்வோரும் ஊரில் இல்லை. ஆகவே குழாய் அடைபட்டதும் பல வீடுகளில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினர். ஓலைக்கூரையைத் துளைத்துச் சென்ற குழாய்க்குச் சுற்றிலும் மண்ணோ தகரமோ கொண்டு காப்பு வைக்காத இடங்களில் தீப்பிடிக்கும் அச்சமும் சேர்ந்துகொண்டது.

இது ஒரு பகுதியின் குறை மட்டுமன்று. ஒடிசாவில் புகைபோக்கியுள்ள மண்ணடுப்புகள் வழங்கப்பட்ட சுமார் 2,600 குடும்பங்களை எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் சில ஆண்டுகள் ஆய்வு செய்தனர். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாததும் பழுது பார்த்துத் துலக்காததுமே காரணம் என்று அவர்கள் கண்டனர். ஊரகத் தமிழ்நாட்டு அடுக்களைகளில் புகையின் அளவைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அளந்து 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விறகில் சமைப்போர் சுவாசிக்கும் நுண்துகள் எரிவாயுவில் சமைப்போரைவிடப் பன்மடங்கு என்பது அதனால் உறுதியானது.

கைக்கெட்டிய தும்பு

தூரிகைக்கு வேண்டிய பொருள் இம்மண்ணிலேயே விளைந்தது என்பது இவ்வரலாற்றின் வியப்பான பகுதி. பனை மட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுக்கும் விறைப்பான நாருக்குத் தும்பு என்று பெயர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பனந்தும்பு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கே அதிலிருந்து உறுதியான தூரிகைகளும் துடைப்பங்களும் செய்யப்பட்டன. ஆனால் உள்ளூர் அடுப்புக் குழாய்க்கு ஒரு தும்புத் தூரிகையை அடுப்போடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் உருவாகவில்லை.

அத்தகைய தூரிகையை வீட்டிலேயே செய்யலாம். குழாயின் விட்டத்தைவிடச் சற்றே அகலமான தும்புக் கற்றையை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் இறுகக் கட்டினால் போதும். துலக்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவதாக, அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரண்டாவதாக, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, தொப்பியைக் கழற்றி மேலிருந்து துலக்கியபின் அடியில் விழுந்த கரியை அள்ளிவிட வேண்டும். அதை அங்கேயே விட்டால் துலக்கியதில் பயனில்லை. நான்காவதாக, குழாயில் தீப்பிடித்துவிட்டால் விறகை வெளியே இழுத்து, அடுப்பு வாயை அடைத்துக் காற்றை நிறுத்த வேண்டும். கொதிக்கும் குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துச் சிதறக்கூடும். உடனே தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

2006ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் நடுவண் அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தால் ஓலைக்கூரைகள் பல காங்கிரீட்டுத் தளங்களாயின. விறகடுப்பு கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தது. ஆயினும் குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், திருவிழாச் சமையலுக்கும் அது இன்னும் எரிகிறது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் சில வீடுகளில் சமையலும் அதற்கே திரும்புகிறது.

இன்று 'சிம்னி' என்றால் பலருக்கும் நினைவில் வருவது எரிவாயு அடுப்புக்கு மேலே மாட்டும் மின்கருவி. அதில் படிவது தார் அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. தாரைப் போலவே அதுவும் தீப்பற்றக் கூடியது. வடிகட்டியைச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவாமல் விட்டால், தாளிக்கும்போது எழும் ஒரு சுடர் அதைப் பற்றவைக்கும். பலகாரக் கடைகளிலும் உணவகங்களிலும் நீண்ட புகைக் குழாய்கள் இருப்பதால் அங்கே இடர் இன்னும் பெரிது.

சமையலறைப் புகையை அகற்றும் கருவியை வாங்கித் தருவதோடு ஒரு திட்டம் முடிந்துவிடுவதில்லை. அதை யார், எப்போது, எதைக்கொண்டு துலக்குவார் என்பதும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். ஆயிரக்கணக்கான ஊர்களில் அடைபட்டுக் கழற்றப்பட்ட குழாய்கள் கற்பிக்கும் பாடம் இதுவே.