ஸாவு: படியா, எடையா?

நோன்புப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் ஃபித்ரா எத்தனை கிலோ என்ற வினா நம் இல்லங்களில் எழுகிறது. ஒருவர் இரண்டரை என்பார். இன்னொருவர் மூன்று என்பார்.

நபி (ஸல்) அவர்கள் விதித்தது கிலோவன்று, ஒரு ஸாவு. அது நம் முன்னோரின் படியைப் போன்ற முகத்தல் அளவை. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளுவது ஏறத்தாழ ஒரு ஸாவாகும்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், ஈராக்கில் ஸாவு எட்டு ரத்தல் எனக் கொள்ளப்பட்டது. அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனா வந்து இதுபற்றி வினவினார்கள். மறுநாள் ஏறத்தாழ ஐம்பது முதியோர், தத்தம் தந்தையர் வழியே வந்த ஸாவுகளை மேலாடைக்குள் ஏந்தி வந்தனர் என்பது அறிவிப்பு. அவை யாவும் ஒத்திருந்தன. அளந்தபோது ஐந்தும் மூன்றிலொரு பங்கும் ரத்தல். அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு அதனையே ஏற்றார்கள். ஹனஃபீ மத்ஹபிலோ எட்டு ரத்தல் கணக்கே நிலைத்தது.

ஆயினும் ரத்தல் என்பது எடை. ஒரே பாத்திரத்தைக் கோதுமையால் நிரப்பினால் ஓர் எடை. வாற்கோதுமையால் நிரப்பினால் அதனினும் குறைவு. கொள்ளளவு மாறவில்லை, அடர்த்தியே மாறுகிறது. அரிசிக்கும் பேரீச்சைக்கும் ஒரே கிலோக் கணக்குப் பொருந்தாதது இதனால்தான். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இச்சிக்கலை உணர்ந்து, பாத்திர அளவையே அடிப்படை என்றார்கள். அப்பாத்திரம் கிடைக்காதவர், ஸாவுக்குக் குறையவில்லை என்று உறுதியாகத் தெரியும் அளவைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அவர்களின் தீர்ப்பு.