காலண்டரில் வந்த கடவுள்: கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கும் சாமி படங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டாவது ஏதோ ஒரு ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்த காலண்டராக இருந்திருக்கும். வருடம் முடிந்ததும் தேதி அட்டையை வெட்டி எறிந்துவிட்டு, படத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். பழைய படமாக இருந்தால் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு கையெழுத்தும் தெரியலாம். "சி. கொண்டையராஜு."

ரவிவர்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. கொண்டையராஜுவைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் தென்னிந்திய வீடுகளில் முருகன் எப்படி இருப்பார், மீனாட்சி எப்படி இருப்பாள் என்று கண்ணை மூடியதும் மனதில் தோன்றும் உருவம் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு ரவிவர்மாவுடையது அல்ல, இவருடையது!

குட்டி ஜப்பானும் பெரிய ஜப்பானும்

சிவகாசியைக் "குட்டி ஜப்பான்" என்று நேரு சொன்னதாக ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். உழைப்பை வைத்துச் சொன்னது அது. படங்களை வைத்துப் பார்த்தாலும் அந்தப் பெயர் பொருந்திவிடுகிறது.

ஜப்பானில் ஹொகுசாய் (1760-1849) என்ற ஓவியர் இருந்தார். பெரிய அலை ஒன்று படகுகளின் மேல் எழும்பி நிற்கும் அவருடைய படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அது அரண்மனைக்காக வரைந்த ஓவியம் அல்ல. மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் பூசி, நூற்றுக்கணக்கில் அச்சடித்து, சாதாரண மக்களுக்குக் குறைந்த விலையில் விற்ற படம். 1814-ல் இருந்து பல பாகங்களாக வெளிவந்த அவருடைய கோட்டோவியத் தொகுப்பின் பெயரே "மங்கா". இன்று உலகம் முழுவதும் ஜப்பானியச் சித்திரக் கதைகளைக் குறிக்கும் அதே சொல்தான். ஹொகுசாய் வரைவார், இன்னொருவர் செதுக்குவார், மற்றொருவர் அச்சடிப்பார், பதிப்பாளர் விற்பார். ஓவியம் என்பது ஒரு தனி மனிதரின் தவமாக இல்லாமல், பல கைகள் சேர்ந்த தொழிலாக இருந்தது.

கொண்டையராஜுவின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே மரக்கட்டைக்குப் பதில் லித்தோ கல், அலைக்குப் பதில் சாமி.

சாமியார் ஆகப் போனவர்

கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தவர். தெலுங்கு பேசும் ராஜு சமூகம். அப்பா நாட்டு வைத்தியர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஐரோப்பிய முறையில் ஒளியும் நிழலும் போட்டு, தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும்படி வரைவதை அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு படித்தவர் அரசு வேலைக்குப் போகவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆசிரமத்தில் தங்கினார். அங்கே ரமணரின் உருவத்தையும் வரைந்தார். கடைசிவரை திருமணமே செய்துகொள்ளவில்லை.

ஆசிரமத்தை விட்டு வந்தவருக்குக் கிடைத்தது நாடகக் கம்பெனி வேலை. நடிகர்களுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலைகளை வரைய வேண்டும். இன்று தர்பார், நாளை காடு, மறுநாள் கைலாயம். தூரத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் மண்டபத்தின் ஆழம் தெரிய வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நிறம் அடிபடக் கூடாது. ஓவியப் பள்ளியில் கற்றதெல்லாம் இங்கே வேறு வேலைக்குப் பயன்பட்டது.

1940-களின் தொடக்கத்தில் அவர் வேலை செய்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. பெட்டி படுக்கையோடு எல்லோரும் ஊர் திரும்ப, கொண்டையராஜு அங்கேயே தங்கிவிட்டார். உடன் தங்கிய சீடர்களில் முக்கியமானவர் டி.எஸ். சுப்பையா. தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் போட்டோ ஸ்டூடியோ நடந்தது. போட்டோ எடுப்பவர்களுக்குப் பின்திரை வரைவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவது என்று பிழைப்பு ஓடியது.

பக்கத்து ஊரில் காத்திருந்த இயந்திரம்

கோவில்பட்டியில் இருந்து கொஞ்ச தூரம்தான் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அந்த வறட்சி தீக்குச்சிக்கு வரமானது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வேண்டும். பிறகு பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள். இப்படி வளர்ந்ததுதான் சிவகாசியின் லித்தோ அச்சுத் தொழில்.

காற்றில் ஈரம் குறைவாக இருந்தது அச்சுக்கும் நல்லதாய்ப் போயிற்று. ஏன் என்கிறீர்களா? லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் அல்லது தகடு. ஒரே தாள் பலமுறை இயந்திரத்துக்குள் போய் வரும். ஈரத்தில் தாள் கொஞ்சம் விரிந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிடும்!

ஆனால் தீப்பெட்டி லேபிளை மட்டும் நம்பி எத்தனை இயந்திரங்களை ஓட்ட முடியும்? அப்போதுதான் காலண்டர் கை கொடுத்தது. கணக்கு எளிமையானது. மேலே சாமி படம், கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே தேதி. ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் அடித்து வைத்துக்கொண்டு, ஆர்டர் கொடுக்கும் கடைக்குத் தகுந்தபடி பெயரை மட்டும் மாற்றி அடித்தால் போதும். கடைக்காரருக்கு வருடம் முழுவதும் விளம்பரம், வீட்டுக்காரருக்கு இலவசமாகச் சாமி படம், அச்சகத்துக்கு நிரந்தர வேலை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு காலண்டருக்கான ஆல்பம் வெளியிடும் வழக்கம் சிவகாசியில் இன்றும் இருக்கிறது.

இந்த வியாபாரத்துக்குத் தேவைப்பட்ட ஒன்று, எல்லோருக்கும் பிடிக்கும் படம். அதை வரையத் தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருந்தார்.

அவர் செய்த சோதனை

ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை வீடுகளுக்குக் கொண்டு போனவர். அவருடைய புராணப் படங்களில் பெரும்பாலும் ஒரு கதை நடந்துகொண்டிருக்கும். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அல்லது எங்கோ பார்ப்பார்கள். நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

கொண்டையராஜுவின் படத்தில் கதை நின்றுவிடுகிறது. சாமி நேராக நம்மைப் பார்க்கிறது. கர்ப்பகிரகத்து முன்னால் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அது கல் சிலை அல்ல. உருண்டையான தோள், ரோஜா நிறக் கன்னம், லேசான புன்னகை, ஈரம் தெரியும் கண்கள், மடிப்பு மடிப்பாய் விழும் பட்டு. சிலையின் நிலை, மனித உடம்பின் மென்மை. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அவருடைய பெரிய சோதனை.

பின்னணியைக் கவனித்தால் பழைய வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. வரிசையாய்ப் பின்னோக்கிப் போகும் தூண்கள், திரை, மலை, அருவி எல்லாம் நாடக மேடையில் இருந்து வந்தவை. முகத்தில் விழும் சீரான வெளிச்சம் போட்டோ ஸ்டூடியோவில் இருந்து வந்தது. நகைகளின் நெருக்கமும், ஓர் அங்குலம்கூடச் சும்மா விடாத நிறைவும் தஞ்சாவூர் ஓவியத்தை நினைவுபடுத்தும். உடம்பின் ஒளி நிழல் ஓவியப் பள்ளியின் பாடம். தியானத்தில் இருப்பது போன்ற அமைதி எங்கிருந்து வந்தது என்பதைத் திருவண்ணாமலையிடம்தான் கேட்க வேண்டும்.

அவருடைய மீனாட்சி திருக்கல்யாணம் இதற்கு நல்ல உதாரணம். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் இதே காட்சி தூண் சிற்பமாக இருக்கிறது. நடுவில் மீனாட்சி, இரு பக்கமும் சிவனும் தங்கையைத் தாரை வார்க்கும் பெருமாளும். கொண்டையராஜு அந்தக் கல்லின் அமைப்பை மாற்றவில்லை. அதற்குத் தோலும் பட்டும் வெட்கமும் கொடுத்தார். எத்தனையோ கல்யாண வீடுகளில் பரிசாகக் கொடுக்கப்பட்ட படம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தனியாக வேலை செய்யவில்லை. சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் என்று சீடர்கள் பலர். குருவும் சீடரும் ஒரே படத்தில் வேலை செய்வார்கள். பல படங்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும். தன் பெயருக்குப் பக்கத்தில் சீடனின் பெயரையும் போடும் குரு எத்தனை பேர் இருப்பார்கள்?

கதவு திறக்காத கோயில்

இந்தப் படங்களை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வட்டாரத்தின் பழைய வரலாறு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குப் போடப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899-ல் சிவகாசியில் விஸ்வநாத சுவாமி கோயில் நுழைவுப் பிரச்சினை பெருங்கலவரமாக வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ அதைவிட இறுக்கமான தடை. 1939 ஜூலை 8-ல்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரும், விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ். சண்முக நாடாரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாமியைப் பார்க்கப் போனதற்காக ஊர் எரிந்தது 1899-ல். அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் அதே ஊர் நாடு முழுமைக்கும் சாமி படம் அச்சடித்து அனுப்பிக் கொண்டிருந்தது. மீனாட்சியைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு மளிகைக்கடை காலண்டர் போதும் என்ற நிலை வந்தது. குடிசையோ மாடி வீடோ, சுவரில் ஓர் ஆணி இருந்தால் அது கர்ப்பகிரகம்.

கொண்டையராஜு சமூகப் போராட்டம் நடத்தவில்லை. அச்சகங்களும் தர்மத்துக்காகப் படம் போடவில்லை. ஆனால் சாமியை நேருக்கு நேர் பார்க்கும் உரிமையைப் பலருக்குத் தராத ஒரு சமூகத்தில், நேருக்கு நேர் பார்க்கும் சாமியை அவர் வரைந்தார். அந்தப் பார்வை அவ்வளவு வேகமாக வீடுகளுக்குள் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

பெயர் எங்கே போனது?

அவர் படித்த அதே சென்னைப் பள்ளியில் இருந்துதான் பிற்பாடு கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வந்தார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. நவீன ஓவியத்தின் வரலாறு எழுதப்பட்டபோது அவர்கள் அதில் இடம் பெற்றார்கள், அது நியாயமும்கூட. காலண்டர் ஓவியர்களுக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை. "காலண்டர் படம் மாதிரி இருக்கிறது" என்பதே ஓவிய உலகில் வசைச் சொல்லானது.

தொழிலின் நடைமுறையும் பெயரை அழித்தது. ஓவியருக்கு ஒருமுறை கூலி. அதன்பின் படம் ஆயிரமாக அச்சாகுமா, லட்சமாகவா என்பது அவர் கணக்கில் வராது. மறு அச்சுகளில் கையெழுத்து தேய்ந்தது. பார்த்து வரைந்தவர்களின் படங்களில் கையெழுத்தே இல்லை. கும்பிடுகிறவர்களுக்கும் யார் வரைந்தது என்ற கேள்வி எழுவதில்லை. அது சாமி, அவ்வளவுதான்.

கொண்டையராஜு 1976-ல் மறைந்தார். ஸ்டீஃபன் இங்லிஸ் என்ற கனடா நாட்டு மானுடவியல் அறிஞர் இவரையும் இவருடைய சீடர்களையும் ஆராய்ந்து எழுதிய பிறகுதான் உலகத்தின் கவனம் கொஞ்சம் திரும்பியது. நம் ஊர்க்காரரை நமக்கு அடையாளம் காட்ட ஒருவர் கனடாவில் இருந்து வர வேண்டியிருந்தது.

இன்று லித்தோ கல் போய் ஆஃப்செட் வந்து, கம்ப்யூட்டரில் வரைவதும் வந்துவிட்டது. சாமி படம் செல்போன் திரைக்கும் போய்விட்டது. ஆனால் பாருங்கள், அந்த நேர்ப் பார்வை, உருண்டைத் தோள், பின்னால் மங்கலாய்த் தெரியும் மலை எதுவும் மாறவில்லை. ஹொகுசாயின் அலையை ஜப்பான் தன் பணத்தாளிலேயே 2024-ல் அச்சடித்தது. ஆயிரம் யென் தாளைப் புரட்டும் ஒவ்வொருவருக்கும் அது யார் வரைந்தது என்று தெரியும். குட்டி ஜப்பானின் ஓவியருக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். அவர் வாழ்ந்த கோவில்பட்டியிலோ, அவரை அச்சடித்த சிவகாசியிலோ, பழைய காலண்டர்களைச் சேர்த்து வைத்து, வரைந்தவர்களின் பெயரைக் கீழே எழுதி மாட்ட ஒரு நல்ல அறை போதும். பழுப்பேறிய படங்கள் கோயில் மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் போய்ச் சேர்வதற்குள் அதைச் செய்தால் நல்லது.