கல்யாணத் தேதி பார்த்து வந்த பங்கு

எங்க அக்காவுக்கு 1987-ல் கல்யாணம். தங்கச்சிக்கு 1991-ல். ஒரே அப்பா, ஒரே கிணறு, ஒரே மூணு ஏக்கர் பூர்வீக நிலம். ஆனா சட்டம் ரெண்டு பேரையும் வேற வேறயாப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுதுறேன்.

பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேணும்னு 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாங்க. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா சுயமா சம்பாதிச்ச நிலத்துக்கு உயில் எழுதாம இறந்தா, மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ஆனா பூர்வீக நிலத்தில் பிறப்புரிமை ஆம்பளைப் பிள்ளைக்கு மட்டும்தான். அப்பா இறந்தபிறகு அவரோட பங்கில் மட்டும் மகளுக்கு ஒரு துண்டு வரும். கிராமத்தில் பாதிக்கு மேல பூர்வீகம்தானே!

கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு இதைத் திருத்தியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பங்காளி. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்கு அது கிடையாது.

1998-ல் அப்பா இருக்கும்போதே பாகம் பிரிச்சோம். பத்திரம் எழுதுறவர், "சின்னவங்க கையெழுத்து வேணும், பெரியவங்களுக்குப் பாத்தியதை இல்லை"ன்னார். பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுடக் கூடாதுன்னு தங்கச்சி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டா. நானும் தம்பியும் ஆளுக்கு ஒண்ணரை ஏக்கர் எடுத்துக்கிட்டோம். வீட்டுக்கு வந்தா, அக்கா எங்களுக்குச் சோறு வடிச்சு வச்சிருந்தது.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தச் சட்டம் கல்யாணத் தேதித் தடையை எடுத்துட்டது. அந்த நாளில் அப்பா உயிரோட இல்லேன்னாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினை செல்லும். எங்க பத்திரம் 1998. அக்காவுக்கு இதிலும் ஒண்ணும் இல்லை.

சட்டம் தரலேன்னா நான் தரக்கூடாதுன்னு இல்லையே. போன தையில் என் பாகத்தில் 50 சென்ட் அக்கா பேருக்கு செட்டில்மென்ட் எழுதினேன். பட்டாவும் மாறியாச்சு. சிட்டாவை வாங்கிப் பார்த்துட்டு, "என் பேரா இது?"ன்னு ரெண்டு தடவை கேட்டது. தங்கச்சி கணக்கு இன்னும் பாக்கி இருக்கு.

பொறந்த வீட்டில் கையெழுத்துக் கேட்டா, பத்திரத்தை முழுசாப் படிக்கச் சொல்லிக் கேளுங்கம்மா. கேட்கிற அண்ணன் தம்பிகளும் ஒரு தரம் யோசிங்க. சீர் செஞ்சது வேற, பங்கு வேற.