வேலைக்காரப் பெண்ணும் வாங்கிய பங்கு

1602 ஆகஸ்ட் 31. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணம் போட அதுதான் கடைசி நாள். ஆம்ஸ்டர்டாமில் டிர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீட்டில் பேரேடு திறந்திருந்தது. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் நீல்ட்கென் கார்னெலிஸும் 100 கில்டருக்குத் தன் பெயரை எழுதவைத்தார். அந்த நகரில் மட்டும் 1,143 பேர், ஏறக்குறைய 37 லட்சம் கில்டர்.

அதற்குமுன் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியே பணம் திரட்டுவார்கள். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்றுப் பிரித்துக்கொண்டு கணக்கை முடிப்பார்கள். இந்தக் கம்பெனியோ பத்து ஆண்டுக்குக் கணக்கு முடிக்காது. நடுவில் பணமுடை வந்தால்? பேரேட்டின் முதல் பக்கத்திலேயே வழி இருந்தது: கணக்கர் மூலம் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். பங்குச்சந்தை பிறந்தது இந்த வரியில்தான் என்பேன். 1612-இல் கெடு முடிந்தபோதும் கம்பெனி போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. பணம் வேண்டியவர் பங்கை விற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆம்ஸ்டர்டாமின் ‘புதிய பாலம்’ என்ற பாலத்தின் மேல் பங்குப் பேரம் நடந்தது. மழை பெய்தால் பக்கத்துத் தேவாலயத்துக்குள் ஒதுங்குவார்கள். சூதாட்டம் வர வெகுநாள் ஆகவில்லை. 85,000 கில்டர் போட்டிருந்த ஐசக் லெ மேர் கம்பெனியோடு பகைத்து வெளியேறினார். 1609-இல் ரகசியக் கூட்டு சேர்த்து, கையில் இல்லாத பங்குகளைப் பின்னால் தருவதாகச் சொல்லி விற்றார். விலை சரிந்தால் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம். விலையும் சரிந்தது, கம்பெனி அலறியது. 1610 பிப்ரவரியில் இல்லாத பங்கை விற்கத் தடை வந்தது.

அதே ஆண்டுதான் முதல் லாபப் பங்கீடு. முகமதிப்பில் 75 விழுக்காடு. அதுவும் காசாக அல்ல, ஜாதிபத்திரியாக!

பங்கின் கதையைப் பாலத்தோடு முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஜாதிபத்திரி இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் விளைந்தது. அந்தத் தீவுகள் பக்கம் வாசனைச் சரக்கு வாங்கக் கம்பெனி கொண்டுபோன துணிகளில் பழவேற்காட்டிலிருந்து ஏற்றியவையும் உண்டு. தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற கம்பெனியின் கட்டளைக்குப் பாண்டா மக்கள் பணியவில்லை. 1621-இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு வந்தான். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் சொற்பம். மற்றவர்கள் வெட்டுப்பட்டார்கள், மலைகளில் பட்டினியால் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். ஜாதிக்காய்த் தோப்புகளைக் கம்பெனி தன் பழைய ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. காய் பறிக்க வேறு நாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியது.