கொவென்ற் காடின்: ஒரு சந்தையின் வரலாறும் ஒரு நகரத்தின் வழக்கும்

ஒரு நகரத்தின் வரலாறு அதனை ஆண்ட மன்னர்தம் பட்டியலோடு முடிவதன்று. அந்நகர மக்கள் எத்தெருவில் நடந்தனர், எவ்விடத்தில் வாங்கி விற்றனர், எக்கட்டடத்தை இடிக்க உடன்பட்டனர், எதனை இடிக்கவொட்டாது தடுத்தனர் என்பனவும் வரலாற்று மாணவன் ஆராய்தற்குரியனவேயாம். இரண்டாம் உலகப்போரின் பின்னர் மேனாட்டு நகரங்கள் பலவற்றில், பழைய நடுப்பகுதியை அழித்துப் புதுக்குவதா, அன்றிப் பேணிப் பயன்கொள்வதா என்னும் வழக்கு எழுந்தது. அவ்வழக்கு ஐயந்திரிபறத் தெளிவாக நிகழ்ந்த இடங்களுள் ஒன்று இலண்டன் மாநகரின் கொவென்ற் காடின் ஆகும்.

இடைக்காலத்தில் இந்நிலம் வெஸ்ற்மின்ஸ்ரர் மடத்துத் துறவிகளின் தோட்டமாயிருந்தது. மடத்துத் தோட்டம் என்னும் பொருளுடைய பெயரே சிறிது திரிந்து இன்றும் வழங்குகின்றது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபின், 1552 இல் அது பெட்போட் பிரபுவின் குடும்பத்தார்க்கு உடைமையாயிற்று. நான்காம் பெட்போட் பிரபு 1630 களில் இனிகோ யோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, இத்தாலிய நகரங்களின் முறையைத் தழுவி, தூய பவுல் தேவாலயத்தை ஒருபுறத்தே கொண்ட சதுர முற்றமொன்றை அமைப்பித்தார். செல்வர் வாழ்தற்கென அமைந்த அம்முற்றத்திற் காய்கனி விற்போர் வந்து குழுமினர். 1670 இல் இரண்டாம் சாள்ஸ் மன்னன் அங்கே சந்தை நடத்தும் உரிமையைப் பட்டயமாக வழங்கினான். சந்தை வளரச் செல்வர் மேற்றிசை நோக்கிக் குடிபெயர்ந்தனர். அரங்குகளும் அச்சகங்களும் சிறு தொழிலாளரும் அவர்தம் இடத்தை நிரப்பினர். 1830 இல் சாள்ஸ் பௌலர் வகுத்த சந்தை மண்டபம் முற்றத்தின் நடுவே நிறைவெய்தியது. பேணாட் ஷோவின் ‘பிக்மேலியன்’ நாடகத்திலே பூக்காரப் பெண் முதன்முதல் தோன்றுவதும் இத்தேவாலயத்தின் முகப்பின்கீழேயே.

நம் பழைய நூல்கள் அங்காடிகளை நாளங்காடி, அல்லங்காடி எனப் பிரித்துரைக்கும். கொவென்ற் காடினோ நள்ளிரவின்பின் தொடங்கி முற்பகலில் ஓயும் சந்தை. குதிரை வண்டிகளுக்கென அமைந்த ஒடுங்கிய தெருக்கள், லொறிகள் பெருகிய காலத்தில் அவற்றைத் தாங்கமாட்டாவாயின. ஆகவே 1961 இல் நிறைவேறிய சட்டமொன்றின்படி சந்தைக்குத் தனி அதிகார சபை நிறுவப்பட்டது. தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள நைன் எல்ம்ஸ் என்னுமிடத்துக்குச் சந்தையைக் கொண்டுசெல்வது எனவும் முடிவாயிற்று. அம்முடிவை எதிர்த்தோர் சிலரே. வழக்கெல்லாம் சந்தை நீங்கியபின் எஞ்சும் நிலத்தைப் பற்றியதே.

1968 இல் வெளிவந்த நகரமைப்புத் திட்டம் ஏறத்தாழ 96 ஏக்கர் பரப்பைத் தழுவியது. பெரிய இலண்டன் சபையும், வெஸ்ற்மின்ஸ்ரர், கம்டன் ஆகிய உள்ளூர்ச் சபைகளும் கூடி அதனை வகுத்தன. கட்டடங்களுட் பெரும்பாலானவற்றை நீக்கி, அகன்ற வீதிகள், அலுவலகங்கள், விடுதிகள், மாநாட்டு மண்டபம் என்பவற்றை எழுப்புதல் அதன் நோக்கம்.

இத்திட்டத்தை வகுத்தோரை அழிவு விரும்பிகள் என இகழ்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. மோட்டார் வாகனங்கள் நகரங்களை நெருக்கிவிடும் என 1963 இல் வெளிவந்த புக்கனன் அறிக்கை எச்சரித்திருந்தது. பழைய குடியிருப்புகள் பலவற்றில் வசதிகள் மிகக் குறைவு. சந்தை போனபின் அப்பகுதி பாழ்படும் என அஞ்சியதும் காரணமற்றதன்று. நகரத்தை ஒரு முழுமையாக நோக்கி, முன்கூட்டியே திட்டமிடல் வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. அக்கொள்கையின் குறை யாதெனின், அங்கு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஏறத்தாழ 3,000 மக்களை அது திட்டத்தின் பொருளாகக் கொண்டதேயன்றிக் கருத்துரைக்கும் பங்காளராகக் கொள்ளவில்லை.

மறுசாராரின் மனநிலைக்கும் முன்வரலாறு உண்டு. 1961 ஆம் ஆண்டிறுதியில் இலண்டன் யூஸ்ரன் புகையிரத நிலையத்தின் பெருவாயிலை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்புப் பயனளிக்கவில்லை. ஆயினும் அவ்விழப்புப் பலரை விழிப்பித்தது. 1967 இல் நிறைவேறிய சட்டம், தனிக் கட்டடங்களையன்றி ஒரு பகுதி முழுவதையுமே பேணற்குரியதெனக் குறிக்க வழிசெய்தது. இச்சூழலில் 1971 இல் கொவென்ற் காடின் மக்கட் சங்கம் தோன்றியது. திட்டத்தை வகுத்த குழுவிலே பணியாற்றிய பிரயன் அன்சன் என்பார் அதனை மறுத்து மக்கள் பக்கஞ் சார்ந்தமை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேயே பொது விசாரணை நடைபெற்றது. திட்டக் குழுவின் தலைவியாயிருந்த டாட்மத் சீமாட்டி மக்களின் எதிர்ப்பைக் கண்டு 1972 இற் பதவி துறந்தார்.

1973 சனவரியில் சுற்றாடல் அமைச்சர் யெப்ரி றிப்பன் தம் தீர்ப்பை வெளியிட்டார். திட்டப் பகுதியை அவர் நிராகரிக்கவில்லை. ஆயின், அதனுள் அமைந்த ஏறத்தாழ 250 கட்டடங்களைப் பேணற்குரியனவாகப் பட்டியலிற் சேர்த்தார். அக்கட்டடங்கள் பகுதியெங்கும் பரந்து கிடந்தமையால், பெருவீதிகளை எவ்வழியாகவும் கொண்டுசெல்லல் இயலாதாயிற்று. திட்டம் பெயரளவில் நின்றது, செயலளவில் வீழ்ந்தது. 1974 நவம்பரிற் சந்தை நதியைக் கடந்து சென்றது.

வெறுமையாகிய மண்டபத்தை யாது செய்வது? பேணுவோர் எதிர்நோக்கிய உண்மைச் சோதனை இதுவே. இடிக்காது விடுதல் எளிது. உயிரோடு வைத்திருத்தலே அரிது. முன்பு இடிக்க முனைந்த பெரிய இலண்டன் சபையே மண்டபத்தைப் புதுக்கி, 1980 இற் சிறு கடைகளும் உணவகங்களும் கொண்ட அங்காடியாகத் திறந்தது. பழைய பூச்சந்தைக் கட்டடத்தில் அவ்வாண்டே போக்குவரத்து நூதனசாலை அமைந்தது. முற்றம் நடந்து செல்வோர்க்கு உரியதாயிற்று. வாகனம் வாராத தெருவில் வாணிகம் நலியும் எனக் கடைக்காரர் அஞ்சுவது வழக்கம். கோப்பன்ஹேகன் நகரின் ஸ்ற்றோயற் கடைத்தெருவில் 1962 இல் வாகனங்களை விலக்கியபோதும் அவ்வச்சம் எழுந்தது. மக்கள் திரண்டு வந்து அதனைப் பொய்ப்பித்தனர். கொவென்ற் காடினும் அவ்வாறே செழித்தது. மெல்ல நடப்பவன் நின்று நோக்குவான். நின்று நோக்குபவன் வாங்குவான். இஃது எல்லா நாட்டு வணிகரும் அறிந்த உண்மையன்றோ?

எனினும் வரலாறு இவ்விடத்தில் இனிது முடியவில்லை. செழிப்பு வளர வாடகையும் வளர்ந்தது. இரும்புக் கடை, அச்சகம், தச்சர் பட்டடை என்பனவற்றின் இடத்தை, தொலைவிலிருந்து வருவோரை நம்பிய கடைகள் கொண்டன. மக்களின் போராட்டத்தாற் சில இல்லங்கள் உறுதியாயின என்பதும் உண்மை: பழைய ஓடம்ஸ் அச்சகம் நின்ற நிலத்தில் ஏறத்தாழ 100 இல்லங்களைப் பெரிய இலண்டன் சபை கட்டியது. ஆயின், அச்சபை 1986 இற் கலைக்கப்பட்டது. பின்னர் 2006 இல் மண்டபம் பெரு நிலவுடைமை நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. சுவர்களைச் சட்டங் காத்தது. சுவர்களுக்குள் வாழ்ந்த தொழில்களைக் காக்க அதனால் இயலவில்லை.

ஆகவே, பேணுவோர் வென்றனர், புதுக்குவோர் தோற்றனர் என எளிதில் முடிவுகூறுதல் பொருந்தாது. திட்டமிட்டோர் மாற்றத்தின் இன்றியமையாமையைச் சரியாகவே உணர்ந்தனர். அதன் அளவையும் வேகத்தையும் பிழைபட மதித்தனர். எதிர்த்தோர் தெருவின் அருமையைச் சரியாகவே உணர்ந்தனர். தாம் காத்த அருமையே பின்னர் விலையாக மாறித் தம்மவரை நெருக்கும் என்பதை அவருட் பலர் எதிர்பார்த்திலர். கட்டடத்தைப் பேணும் சட்டத்தோடு, அதில் வாழ்வாரின் வாடகையையும் தொழிலையும் பேணும் ஒழுங்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஒன்றின்றி மற்றையது நிறைவு பெறாது. நகரங்களைப் புதுக்க முனைவோரும் பேண முனைவோரும் கொவென்ற் காடினின் வரலாற்றினின்று கற்றற்குரிய பாடம் இதுவேயாம்.