திண்டுக்கல் 1973: ஓர் இடைத்தேர்தலும் அதன் பின் மாறிய கொள்கைகளும்

ஆட்சியைக் கவிழ்க்காமலேயே ஆளுங்கட்சியின் போக்கை வாக்காளர்கள் மாற்ற முடியுமா? தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் இதற்குக் கிடைக்கும் வலுவான சான்று, 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். எம்.ஜி.ஆரின் திரைப்புகழ் வாக்கான கதையாகவே அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானதும் அந்தக் கதையில் தவறாமல் இடம்பெறும். தோற்ற கட்சி அடுத்து என்ன செய்தது என்பதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. இக்கட்டுரையின் அக்கறை அதில்தான்.

1971 தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 184 இடங்களைப் பிடித்தது. திண்டுக்கல் மக்களவைத் தொகுதியும் அதன் வசமே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 முதல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1948 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடப்பில் இருந்ததால், ஒரு தலைமுறை கள்ளுக்கடையைப் பார்க்காமலே வளர்ந்திருந்தது. நிதி நெருக்கடியை அரசு காரணமாகச் சொன்னது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவும் மத்திய அரசு, ஏற்கெனவே கடைப்பிடித்துவரும் மாநிலத்துக்கு இழப்பீடு தர மறுக்கிறது என்ற அதன் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு கோட்டையோடு நின்றுவிட்டது. நாகல் நகரின் தறிக்காரர் வீட்டிலும், பேகம்பூரின் தோல் தொழிலாளர் வீட்டிலும், பூட்டுப் பட்டறைக் கூலியை நம்பிய வீட்டிலும் கடை திறந்ததும் முதலில் அடிவாங்குவது அடுப்படிச் செலவு. அதைத் தாங்குபவர்கள் பெண்கள். அவர்களிடம் வாக்கும் இருந்தது.

1972 அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் பேசிய எம்.ஜி.ஆர்., கட்சிப் பொறுப்பாளர்களும் அமைச்சர்களும் சொத்துக்கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். இரண்டே நாளில் தாம் இருந்த தி.மு.க.விலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அக்டோபர் 17 அன்று அவருடைய அ.தி.மு.க. பிறந்தது. ஊழல், மது என்ற இரண்டு குறைகளுக்கும் வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் கிடைத்தது இதன் பிறகுதான். குறை எவ்வளவு பெரிதாயினும், அதைச் சுமக்க ஒரு வேட்பாளர் இல்லாவிட்டால் அது திண்ணைப் பேச்சோடு முடிந்துவிடும்.

இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற கே. மாயத்தேவர் ஏறத்தாழ 2,60,000 வாக்குகள் பெற்று வென்றார். இரண்டாமிடம் ஸ்தாபன காங்கிரசுக்கு. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. மத்தியில் ஆண்ட இந்திரா காங்கிரஸ் டெபாசிட் இழந்தது. மாநிலத்தை ஆண்ட கட்சி, தேசத்தை ஆண்ட கட்சி இரண்டையும் ஒரே நாளில் தள்ளிவைத்த தீர்ப்பு இது. தி.மு.க. ஆட்சிக்கு இதனால் உடனடி ஆபத்து எதுவும் இல்லை, பெரும்பான்மை அப்படியே இருந்தது. இந்த நிலையில்தான் வாக்காளரின் அழுத்தம் நன்றாக வேலை செய்கிறது என்பது என் கருத்து. தோற்ற கட்சிக்குத் திருந்திக்கொள்ள நேரம் இருக்கிறது. அதற்கான அதிகாரமும் கையில் இருக்கிறது.

அது திருந்தவும் செய்தது. 1973 ஜூலை 30 அன்று, தேர்தல் முடிந்து பத்து வாரங்களில், கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1974இல் கோவை இடைத்தேர்தல்களிலும் தி.மு.க. தோற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் சாராயக்கடைகளும் இல்லை. காரண காரியத்தைக் கால வரிசை மட்டும் நிறுவிவிடாது. ஆனாலும் 1971இல் வருவாய்க்காகத் திறந்த கடைகளை அதே அரசு மூன்றாண்டுகளில் மூடியதற்கு, வாக்குப்பெட்டியை விட்டுவிட்டு விளக்கம் தேடுவது கடினம்.

சொத்துக்கணக்குக் கேள்வியிலும் ஓர் அசைவு தெரிந்தது. பொது வாழ்வில் இருப்போரின் குற்ற நடத்தையை விசாரிக்க வகைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 1973 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 1974 மே 8 முதல் அது நடப்புக்கு வந்தது. முதலமைச்சரும் அதன் வரம்புக்குள் இருந்தார். திண்டுக்கல் முடிவே இச்சட்டத்தைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் வேர் 1972 அக்டோபரில் எழுந்த கேள்வியில் இருக்கிறது. பிறகு நடந்ததுதான் வேதனை. 1977இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 6 அன்று அச்சட்டம் நீக்கப்பட்டது. கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சியின் ஆட்சியில் கணக்குக் கேட்கும் சட்டம் போனது. அதைத் தடுக்க வாக்காளரிடமிருந்து எந்த அழுத்தமும் எழவில்லை. கட்சியை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிட்டார்கள்.

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல் மீண்டும் திரும்பியது. அதே மாயத்தேவர் இப்போது தி.மு.க. வேட்பாளராக வென்றார். மாநிலத்தின் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியவை இரண்டே. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற வரம்பை 1979இல் எம்.ஜி.ஆர். அரசு விதித்திருந்தது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியிருந்தன. தோல்வி வந்த சில வாரங்களுக்குள் வரம்பு நீங்கியது. ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. கள்ளுக்கடையை மூட 1973இல் பத்து வாரம் ஆனது. இம்முறை அவ்வளவு காலம்கூடத் தேவைப்படவில்லை. அந்த மாற்றம் நிலைக்கவும் செய்தது, ஏனென்றால் அதைக் காக்க அமைப்புகள் விழித்திருந்தன. மதுவுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. 1981 மே மாதம் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன.

கட்சிகளைத் தாண்டி அழுத்தம் தர முயன்றவர்களும் உண்டு. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் திரளாக மனு தாக்கல் செய்ததில் 1,033 பேர் களத்தில் நின்றனர். தேர்தல் தள்ளிப்போனது. கட்சிகளிடம் அசைவில்லை, மாறியது விதிதான். வேட்பாளர் டெபாசிட் அவ்வாண்டே உயர்த்தப்பட்டது.

திண்டுக்கல்லை ஒட்டிய அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும் 2016 சட்டமன்றத் தேர்தலைத் தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுக்கப்பட்டதே காரணம். 1973இல் தி.மு.க.வையும் 1980இல் அ.தி.மு.க.வையும் பணியவைத்தது, தோற்றுப்போவோம் என்ற அச்சம். வாக்குக்கு விலை வைத்துவிட்டால் கள்ளுக்கடையை மூடவோ, வரம்பை நீக்கவோ, கணக்கைக் காட்டவோ ஒரு கட்சிக்கு அவசியமே வராது. விலையைக் கூட்டினால் போதும்.